பற்றரி 14.385 வோல்ட் காட்டினால் குற்றம் யாருடையது?

கேள்வி: அண்ணா, நான் திருகோணமலை உப்புவெளியில் ஒரு சின்னக் கொம்பனியில் வேலை செய்கிறேன். ஆழ்கடலுக்குப் போகிற பலநாள் படகுகளில் பூட்டும் ஒரு பெட்டிக்கு மென்பொருள் எழுதுகிறோம். படகு நிற்கும் இடம், பற்றரி, எஞ்சின் சூடு எல்லாவற்றையும் அது பதிந்து வைக்கும். பெட்டிக்குள் ஏஆர்எம் சில்லு. கோட் பெரும்பாலும் சீ மொழி, கொஞ்சம் சீ பிளஸ் பிளஸ். எனக்கு முன்பு இருந்தவர் கையால் எழுதிய மேக்ஃபைல்தான், அதாவது நிரலைக் கட்டும் படிகளைச் சொல்கிற கோப்புத்தான், இன்னும் ஓடுகிறது. நாங்கள் எழுதுவதைச் சில்லுக்கு விளங்கும் நிரலாக மாற்றுகிற கொம்பைலர் ஜீசீசீ, அதன் பெயர் அதில் முப்பது இடத்திலாவது நேரடியாகவே எழுதியிருக்கிறது. இப்போது எங்கள் சேர், கிளாங் என்ற இன்னொரு கொம்பைலரிலும் பில்ட் ஆக வேண்டும், இரண்டு கிழமை தருகிறேன் என்கிறார். எல்லா ஜீசீசீயையும் கிளாங் என்று மாற்றிப் பார்த்தேன். எரர் மழை. ஒருவாறு அடக்கி பில்ட் எடுத்தால் ஒரு சோதனை விழுகிறது. பதிந்து வைத்த அதே தரவுக்கு ஜீசீசீ பில்ட் 12.600 வோல்ட் என்கிறது, கிளாங் பில்ட் 14.385 என்கிறது. இரண்டும் ஓடியது என் மடிக்கணினியில்தான். கிளாங்கில் ஏதும் பிழையா? முதலில், மேக்ஃபைலைத் தானாகவே எழுதித் தரும் சீமேக்குக்கு மாறிவிட்டு இதைத் தொடங்குவதா? சேரிடம் என்ன சொல்வது?

பதில்: தங்கச்சி, பில்ட் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த வோல்ட் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் கடிதத்தை வாசித்ததும் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

12.600 வோல்ட் என்றால் 12600 மில்லிவோல்ட். சென்சர் அதை இரண்டு பைட்டாக அனுப்பும். 12600ஐ 256ஆல் வகுத்தால் 49, மீதி 56. இப்போது இரண்டையும் இடம் மாற்றி, 56ஐ 256ஆல் பெருக்கி 49ஐக் கூட்டுங்கள். 14385 வரும். ஆக, கிளாங் எண்ணைக் கெடுக்கவில்லை, இரண்டு பைட்டும் தலைகீழாகப் போயிருக்கின்றன. 14.385 என்பது எஞ்சின் ஓடி பற்றரி சார்ஜ் ஏறும்போது வரக்கூடிய அளவு என்பதுதான் இதில் பயப்பட வேண்டியது. 50 வோல்ட் என்று காட்டியிருந்தால் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கிற ஒரு மீனவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்திருப்பார். 14.385ஐ யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

உங்கள் கோடை நான் பார்க்கவில்லை. ஆனாலும் இரண்டு பைட்டை இணைத்து ஒரு எண்ணாக்குகிற ஃபங்ஷன் ஒன்று அங்கே இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அதைக் கூப்பிடுகிற வரியில், அடைப்புக்குறிக்குள், 'அடுத்த பைட்டை வாசி' என்ற அதே அழைப்பு இரண்டு தடவை, நடுவில் ஒரு காற்புள்ளியோடு இருக்கும். பார்க்க அழகான வரி. ஆனால் ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கிற மதிப்புகளில் எதை முதலில் கணக்கிட வேண்டும் என்று சீ மொழியில் விதி கிடையாது. அது கொம்பைலரின் விருப்பம். நம் மடிக்கணினிகளில் இருக்கிற சில்லுக்கு ஜீசீசீ பெரும்பாலும் வலப்பக்கத்திலிருந்து தொடங்கும். கிளாங் இடப்பக்கத்திலிருந்து தொடங்கும்.

நடந்திருப்பது இதுதான். உங்களுக்கு முன்பு இருந்தவர் முதலில் ஒழுங்காகத்தான் எழுதியிருப்பார். எண் கோணலாக வந்திருக்கும். இணைக்கும் ஃபங்ஷனுக்குள் மேல் பைட்டையும் கீழ் பைட்டையும் மாற்றிப் போட்டதும் சரியாக வந்திருக்கும். 'சரி, ஓடுது, விடு' என்று தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போயிருப்பார். அவரைத் திட்டாதீர்கள், நானும் அப்படிப் பல தடவை எழும்பிப் போனவன்.

ஆகவே இரண்டு கொம்பைலரும் சரி, அந்த வரிதான் பிழை. முதல் பைட்டை ஒரு மாறியில் வாசியுங்கள், அடுத்த வரியில் இரண்டாவதை இன்னொரு மாறியில் வாசியுங்கள், பிறகு இணையுங்கள். இணைக்கும் ஃபங்ஷனுக்குள் நடந்த அந்தத் தலைகீழ் மாற்றத்தையும் மறக்காமல் திருப்பிப் போடுங்கள். இந்த வகைப் பிழைக்கு எச்சரிக்கையே வராது. ஒரே வரியில் ஒரு மாறியை இரண்டு தடவை கூட்டினால், எச்சரிக்கைகளைத் திறந்து வைத்திருக்கும்வரை, இரண்டு கொம்பைலரும் கத்தும். ஃபங்ஷன் அழைப்புகள் என்றால் இரண்டும் மூச்சு விடாது. நிரல் ஓடும்போதே பிழை தேடுகிற சானிட்டைசர் போட்டு ஓட்டினாலும் பிடிபடாது. ஒரே தரவை இரண்டு கொம்பைலரின் பில்டிலும் ஓட்டி விடைகளை ஒப்பிட்டால்தான் வெளியே வரும். நீங்கள் அறியாமலே அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

ஏஆர்எம் பெட்டியில் ஜீசீசீ எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று ஊகிக்க வேண்டாம். இதை வாசித்து முடித்ததும் அதே தரவைப் பெட்டியிலேயே ஓட்டிப் பாருங்கள்.

இனி பில்ட். ஜீசீசீயை அழித்துவிட்டுக் கிளாங் என்று எழுதியது வேண்டாத வேலை. ஒரு பெயர் கல்லில் வெட்டியிருந்தது, இப்போது இன்னொரு பெயர் வெட்டியிருக்கிறது, அவ்வளவுதான். நாளைக்கு இன்னொரு கொம்பைலர் வந்தால் மறுபடியும் உளி எடுக்க வேண்டும். பழைய மேக்ஃபைலைத் திரும்ப எடுங்கள். முப்பது இடத்திலும் பெயருக்குப் பதிலாக சீசீ என்ற மாறியைப் போடுங்கள். சீ பிளஸ் பிளஸ் கோப்புகளுக்கு சீஎக்ஸ்எக்ஸ், நூலகம் கட்டும் இடத்தில் ஏஆர். இந்த மூன்று பெயரும் மேக்ஃபைலை ஓட்டுகிற மேக் கருவிக்கு ஏற்கெனவே தெரிந்தவை. கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கிற இடத்தில் லிங்கரை நேராகக் கூப்பிட்டிருந்தால் அதையும் எடுத்துவிட்டு, இணைக்கும் வேலையைக் கொம்பைலரிடமே கொடுங்கள். எந்த நூலகம் எங்கே இருக்கிறது என்று அதற்குத்தான் தெரியும்.

இங்கே எல்லோரும் ஒரு தடவையாவது விழுகிற குழி ஒன்று உண்டு. 'மாறிக்கு மதிப்பு இல்லாவிட்டால் மட்டும் ஜீசீசீ என்று வை' என்று கேள்விக்குறியும் சமன்குறியும் சேர்த்து எழுதுவோமே, அது சீசீ மாறிக்கு வேலை செய்யாது. மேக் அந்த மாறிக்குத் தானாகவே ஒரு மதிப்பை வைத்திருக்கிறது. அதனால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று உங்கள் வரியைத் தாண்டிப் போய்விடும். வெறும் சமன்குறி போட்டு எழுதுங்கள். கட்டளை வரியில் சீசீ சமன் கிளாங் என்று கொடுத்தால் அது மேக்ஃபைலில் உள்ளதை வெல்லும். ஆனால் சூழல் மாறியாக ஏற்றுமதி செய்தால் வெல்லாது. இந்த வேறுபாடு தெரியாமல் 'கிளாங்கில் பில்ட் எடுத்தேன்' என்று நாள் முழுக்க ஜீசீசீயையே ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது, இரண்டு கொம்பைலருக்கும் இரண்டு தனிக் கோப்புறை. மேக் பார்ப்பது கோப்பின் நேரத்தை மட்டும்தான். கொம்பைலரை மாற்றினீர்கள் என்பது அதற்கு விளங்காது. நேற்று ஜீசீசீ உருவாக்கிய ஒப்ஜெக்ட் கோப்பு (ஒரு கோட் கோப்பைத் தொகுத்து வந்த துண்டு) புதிதாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் கிளாங்கில் எடுக்கும். சீ கோட் என்றால் அந்தக் கலவை ஒழுங்காக இணைந்து ஓடவும் செய்யும், அதனால்தான் யாருக்கும் தெரியவராது. இணைக்கும் நேரத்து மேம்படுத்தலை என்றைக்காவது நீங்கள் இயக்கினால்தான் வெடிக்கும். அந்த முறையில் ஜீசீசீ தன் ஒப்ஜெக்ட் கோப்புக்குள் வைப்பது தன்னுடைய உள்மொழியை, கிளாங் வைப்பது தன் அடித்தளமான எல்எல்விஎம்மின் உள்மொழியை. ஒன்று மற்றதை வாசிக்காது.

எரர் மழைக்கு வருவோம். எச்சரிக்கை எல்லாவற்றையும் பிழையாக எடுக்கச் சொல்கிற ஃபிளாக் (கொம்பைலருக்குக் கொடுக்கும் கட்டளைச் சொல்) ஒன்று உங்கள் மேக்ஃபைலில் இருக்கும். அதோடு ஜீசீசீக்கு மட்டும் தெரிந்த சில எச்சரிக்கை ஃபிளாக்குகளும் இருக்கும். தெரியாத எச்சரிக்கை ஃபிளாக்கைக் கண்டால் கிளாங் நின்றுவிடாது, 'இது எனக்குத் தெரியாது' என்று ஒரு எச்சரிக்கை மட்டும் தரும். அந்த எச்சரிக்கையும் பிழையாக மாறி, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு தடவை கொட்டியிருக்கும். மழை முழுக்க ஒரே மேகத்திலிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

இதற்கு 'கிளாங் என்றால் இந்தப் பட்டியல், ஜீசீசீ என்றால் அந்தப் பட்டியல்' என்று எழுதத்தான் முதலில் கை போகும். போக விடாதீர்கள். அந்தப் பட்டியல்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும், கடைசியில் நீங்கள் அவற்றுக்குக் காவல்காரி ஆகிவிடுவீர்கள். கொம்பைலரிடம் பெயர் கேட்பதை விட்டுவிட்டு, 'இந்த வேலை உனக்குத் தெரியுமா' என்று கேளுங்கள். வெறும் கோப்பு ஒன்றை அந்த ஃபிளாக்கோடு தொகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெற்றி என்றால் ஃபிளாக்கைச் சேருங்கள், தோல்வி என்றால் விடுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னலின் பில்ட் முறையும் இதைத்தான் செய்கிறது. இந்த ஃபிளாக் கொம்பைலருக்குத் தெரியுமா என்று சோதித்துப் பார்க்க அங்கே ஒரு சின்ன மேக்ரோவே வைத்திருக்கிறார்கள்.

கேட்கிற விதத்திலும் இரண்டு நுணுக்கம் இருக்கிறது. கிளாங்கிடம் கேட்கும்போது எச்சரிக்கையைப் பிழையாக எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் தெரியாததற்கும் தலையாட்டிவிடும். ஜீசீசீ வேறு விதம். ஒரு எச்சரிக்கையை 'வேண்டாம்' என்று அணைக்கிற ஃபிளாக்கை, அப்படி ஒரு எச்சரிக்கையே அதற்குத் தெரியாவிட்டாலும், சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஆகவே அணைக்கிற வடிவத்தைக் கொடுத்துச் சோதிக்காமல், அதே எச்சரிக்கையை இயக்குகிற வடிவத்தைக் கொடுத்துச் சோதியுங்கள். அது தெரியும் என்றால் அணைக்கிறதைச் சேருங்கள்.

இதே பழக்கம் கோடுக்குள்ளும் வேண்டும். கொம்பைலர் தானாகவே வைக்கிற ஜீஎன்யூசீ என்ற மேக்ரோ இருந்தால் இது ஜீசீசீதான் என்று எண்ணி எழுதிய இடங்கள் உங்களிடம் நிச்சயம் இருக்கும். கிளாங்கும் அந்த மேக்ரோவைக் காட்டும். அதோடு நிற்காமல் 'நான் ஜீசீசீ 4.2.1' என்றும் சொல்லும். அது 2007இல் வந்த பதிப்பு, பழைய உரிமத்தின் கீழ் வந்த கடைசி ஜீசீசீ. நேற்றுத் தரவிறக்கிய புத்தம் புதிய கிளாங்கும் அந்தப் பழைய அடையாள அட்டையைத்தான் நீட்டும். உங்கள் கோட் '4.2ஐ விடப் புதிது என்றால் மட்டும் இந்த வசதி' என்று கேட்டால், அந்த வசதி கிளாங்கில் இருந்தாலும் கிடைக்காமல் போகும். பதிப்பு எண்ணைக் கேட்காமல், இந்தப் பண்பு உண்டா, இந்த உள்ளமை ஃபங்ஷன் உண்டா என்று கேட்கிற மேக்ரோக்கள் இரண்டு கொம்பைலரிலும் இருக்கின்றன. ஜீசீசீயில் முதலாவது 5ஆம் பதிப்பிலும் இரண்டாவது 10ஆம் பதிப்பிலும் வந்தது. பெயரைக் கேட்டே ஆக வேண்டிய இடமும் அபூர்வமாக வரும். அப்போது கிளாங்கா என்று முதலில் கேளுங்கள், ஜீசீசீயா என்று பிறகு கேளுங்கள். வரிசை மாறினால் கிளாங் ஜீசீசீயின் வாசலுக்குள் நுழைந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சுகிற எரர்கள்தான் உண்மையானவை. ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொரு ஃபங்ஷன் எழுதுவது ஜீசீசீயின் தனி வசதி, சீ மொழியில் அது இல்லை, கிளாங் ஏற்காது. வெளியே எடுத்து, தேவையான மதிப்புகளை வாதங்களாகக் கொடுங்கள். பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டுகிற ஸ்ட்ரக்டுக்குள், ஓடும்போது நீளம் மாறுகிற அணி வைப்பதும் அப்படித்தான், கேர்னலிலிருந்தே அதைத் தேடித் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தால் 2023இல் வந்த கிளாங் 16 முதல் அது நேரடிப் பிழை. இதில் கிளாங்கை நோவதில் பயனில்லை, ஜீசீசீயும் 2024இல் தன் 14ஆம் பதிப்பில் அதே வழிக்கு வந்துவிட்டது. எப்படியும் திருத்த வேண்டியிருந்ததைத்தான் இப்போது திருத்துகிறீர்கள்.

பெட்டிக்கான பில்டை இப்போதைக்கு ஜீசீசீயிலேயே விடுங்கள். ஜீசீசீயில் ஏஆர்எம்முக்கு ஒரு தனிக் கொம்பைலர் வேண்டும். கிளாங்கில் ஒரே நிரலிடம் 'எந்தச் சில்லுக்கு' என்று சொன்னால் போதும். அது கவர்ச்சிதான். ஆனால் அந்தச் சில்லுக்குரிய தலைப்புக் கோப்புகளும் நூலகங்களும் வேறு எங்கிருந்தோ வர வேண்டும், அனேகமாக நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கிற ஜீசீசீக் கட்டிலிருந்துதான் வரும். அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிளாங் மட்டும் போதும் என்று கிளம்பாதீர்கள்.

கொம்பைலரையும் சில்லையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். பல வருடத்துக்கு முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில் அதைத்தான் செய்தேன். மடிக்கணினியில் ஜீசீசீ, ஏஆர்எம் சில்லுப் பலகையில் கிளாங். பலகையில் நிரல் கோப்பை வாசித்துக்கொண்டே இருந்தது, முடியவேயில்லை. 'கிளாங்கின் மேம்படுத்தல் பிழை' என்று இரண்டு நாள் எல்லோரிடமும் கதைத்துத் திரிந்தேன். உண்மையில், கோப்பு முடிந்தது என்று சொல்லும் கழித்தல் 1ஐ நான் ஒரு கேரக்டர் மாறியில் வாங்கியிருந்தேன். மடிக்கணினியின் சில்லில் கேரக்டருக்குக் கழித்தல் எண்ணும் உண்டு. ஏஆர்எம் லினக்ஸில் இல்லை, அங்கே அது 255 ஆகிவிடும். ஜீசீசீயில் எடுத்திருந்தாலும் பலகையில் அதே கூத்துத்தான் நடந்திருக்கும். கதைத்த ஆட்களிடம் திரும்பப் போய்ச் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

சீமேக் கேள்விக்கும் இதே பதில்தான். நல்ல கருவி, ஒருநாள் மாறுங்கள், இந்த இரண்டு கிழமைக்குள் வேண்டாம். 2009இல் பாலம் திறக்கும்வரைக்கும் கிண்ணியாவுக்குப் பாதையில்தான், அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கிற மிதவையில்தான், போய் வந்தோம். பாலத்துக்குத் தூண் போடுகிறோம் என்று யாரும் பாதையை நிறுத்தவில்லை. மாறும் நாள் வரும்போது இதை மட்டும் நினைவில் வையுங்கள்: சீமேக் முதல் தடவை ஓடும்போது கண்ட கொம்பைலரையே அந்தக் கோப்புறைக்கு நிரந்தரமாக வைத்துக்கொள்ளும். மாற்ற வேண்டுமென்றால் புதிய கோப்புறை வேண்டும். இப்போதே இரண்டு கோப்புறைப் பழக்கம் வந்துவிட்டால் அது உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது. மக் கணினியில் வரும் அப்பிளின் கிளாங்குக்கு சீமேக் வேறு பெயர் வைத்திருக்கிறது என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். மக்கில் ஜீசீசீ என்று தட்டினாலும் வருவது கிளாங்தான், அந்தக் கூத்தை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

சேரிடம் 'கிளாங் வேகம், கிளாங் புதிது' என்றெல்லாம் போய் நிற்காதீர்கள், அவர் அளந்து காட்டச் சொல்வார். 12.600ஐயும் 14.385ஐயும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பெட்டிகளுக்குப் போகிற பதிப்பு ஜீசீசீயிலேயே இருக்கும், கிளாங் பில்ட் ஒவ்வொரு இரவும் சோதனைகளை ஓட்டும், விடை வேறுபட்டால் காலையில் பார்ப்போம் என்று சொல்லுங்கள். உரிமத்தைப் பற்றிக் கேட்டால், ஜீசீசீயில் தொகுத்ததால் உங்கள் மென்பொருளைத் திறந்து கொடுக்க வேண்டியதில்லை, அதற்கென்றே விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், கிளாங்கிலும் அந்தத் தலையிடி இல்லை. இரண்டு கிழமை போதுமா என்றால், மேக்ஃபைலுக்குப் போதும். கோடுக்குள் இன்னும் எத்தனை அழகான வரிகள் ஒளிந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது மிச்சம்.

எஞ்சின் சூட்டையும் இரண்டு பைட்டாகத்தான் வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு முன்பு இருந்தவர் அங்கேயும் அதே ஃபங்ஷனைத்தான் கூப்பிட்டிருப்பார். பற்றரிக்காக அந்த ஃபங்ஷனைத் திருப்பிப் போடுவதற்கு முன்பு, அதைக் கூப்பிடுகிற இடங்கள் எல்லாவற்றையும் தேடி எடுத்து எண்ணிக்கொள்ளுங்கள். சூட்டுக்கான சோதனை இல்லை என்றால் முதலில் அதை எழுதிவிட்டுக் கை வையுங்கள்.